ஆர்டர் கொடுத்துச் செய்த ஓட்டு மிஷின்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் காசைத் தானே வெளியிட்டுக்கொள்ளலாம். ஒரே மாதிரி, ஒரே எடையில் அடித்துத் தள்ள நல்ல எந்திரம்தான் இல்லை. அதனால் 1889-ல் அம்மன் காசு இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்த ஹீட்டன் நாணயச் சாலையில் அச்சாகி வந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இருபது காசு சேர்ந்தால் ஓரணா. நவராத்திரியில் படியளக்கும் அரிசியோடு இதையும் கொடுப்பார்கள். என்ன வேண்டும் என்று சமஸ்தானம் சொன்னது, அதன்படி செய்து அனுப்பினார்கள், கணக்கு முடிந்தது.

2001 மே 10-ம் தேதி இதே மண்ணுக்கு வேறொரு தனி ஆர்டர் சரக்கு வந்து சேர்ந்தது. அன்று தமிழகத்தின் 234 தொகுதிகளும் மின்னணு எந்திரத்தில் வாக்களித்தன. அந்தப் பெட்டிக்கான யோசனை பிறந்தது 1977-ல். இடையில் 24 ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு காலம்? மின்னணுவியலுக்குத் தெரியாத வித்தை எதுவும் இதில் இல்லை. பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும், அவ்வளவுதான். இழுபறி எல்லாம் ‘எங்களுக்கு என்ன வேண்டும்’ என்பதை முடிவு செய்வதில்தான் இருந்தது.

அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.எல். ஷக்தர் யோசனையை முன்வைக்க, வடிவமைக்கும் வேலை ஹைதராபாத்தின் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்துக்குப் போனது. 1979-ல் மாதிரி எந்திரம் தயார். 1980 ஆகஸ்ட் 6-ல் அரசியல் கட்சிப் பிரதிநிதிகளின் முன் அதை இயக்கிக் காட்டினார்கள். பிறகு பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டது. அங்கே இதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்ட பொறியாளர் எஸ். ரங்கராஜன். தமிழ்நாட்டுக்கு அவர் எழுத்தாளர் சுஜாதா. கணேஷையும் வசந்தையும் படைத்த அதே மனிதர், பகலில் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார்.

வாடிக்கையாளரின் நிபந்தனைகளை எந்திரத்திலேயே படிக்கலாம். கரண்ட் இல்லாத ஊரிலும் பூத் உண்டு, ஆகவே பேட்டரி. எழுத்தறியாதவரும் வாக்காளர், ஆகவே பெயருக்குப் பக்கத்தில் சின்னம், சின்னத்துக்குப் பக்கத்தில் நீலப் பொத்தான். பூத்தைக் கைப்பற்றி வாக்குச்சீட்டுக் கட்டைக் குத்தித் தள்ளும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. ஆகவே நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் ஏற்காதபடி செய்தார்கள். ஆபத்தென்றால் அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி எந்திரத்தையே மூடிவிடலாம். பொத்தான்கள் உள்ள ஒரு பேலட் யூனிட்டில் 16 வேட்பாளர்கள், நான்கை இணைத்தால் 64 பேர்.

அறுபத்து நாலு போதும் என்று தோன்றியிருக்கும். ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் போட்டியிட்டார்கள்! அந்தத் தொகுதிக்குப் புத்தகம் போல வாக்குச்சீட்டு அடிக்க வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர் எவ்வளவு முன்யோசனையோடு இருந்தாலும், உபயோகிப்பவர் அதைத் தாண்டிப் போவார்.

வெள்ளோட்டம் 1982 மே 19-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் நடந்தது. 84 சாவடிகளில் 50-ல் எந்திரம், மற்றவற்றில் சீட்டு. சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். 1984 மார்ச் 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தில் இடமில்லாமல் எந்திரத்தில் ஓட்டுப் போட வைக்க முடியாது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. இந்தமுறை ஜெயித்தவர் ஜோஸ்.

எந்திரம் பழுதாகவில்லை, கணக்கும் தப்பவில்லை. அதற்கு அனுமதி தரும் ஒரு சட்டப்பிரிவுதான் இல்லை. வாடிக்கையாளருக்காகப் பொருள் செய்யும் எவரும் பரவூரைப் பாடமாகப் படிக்கலாம். 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி 61-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1990-ல் ஒரு தொழில்நுட்பக் குழு சோதித்துப் பார்த்து, நம்பலாம் என்றது. அதற்குள் 1989-90-ல் தயாரான எந்திரங்களுக்கோ 1998 நவம்பர் வரை வேலை வரவில்லை. அப்போது மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய மூன்று இடங்களில் 16 தொகுதிகளில் அவற்றை இறக்கிப் பார்த்தார்கள். பிறகுதான் 2001.

புதுக்கோட்டைக்காரர்கள் பெட்டிக்குப் புதியவர்கள் அல்ல. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. நான்கே ஆண்டுகளில் முதல் பொதுத்தேர்தல் வந்துவிட்டது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பிடித்தவரின் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சீட்டில் முத்திரை குத்தும் முறை பின்னால் வந்தது. 2001-ல் முத்திரைக்கட்டையும் போனது. அதிகாரி மேஜையில் கண்ட்ரோல் யூனிட், ஐந்து மீட்டர் கேபிள், அட்டை மறைப்புக்குப் பின்னால் பேலட் யூனிட். அழுத்தினால் சிவப்பு விளக்கு, நீண்ட ‘பீப்’. அந்தச் சத்தமும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான். ஓட்டு விழுந்தது என்று வாக்காளருக்கு மட்டுமல்லாமல், மறைப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகளுக்கும் தெரிய வேண்டுமே.

ஆர்டர் அத்தோடு முடியவில்லை. அழுத்தியது சரியாகத்தான் பதிவானதா என்ற சந்தேகம் வலுத்ததும், ஒப்புகைச் சீட்டு எந்திரத்தைச் சேர்த்தார்கள். முதலில் பயன்பட்டது 2013 செப்டம்பரில், நாகாலாந்தின் நோக்சன் தொகுதியில். சீட்டு ஏழு விநாடி கண்ணில் படும். மூன்றாம் தலைமுறை எந்திரத்தில் 24 பேலட் யூனிட்டுகளை இணைத்து 384 பேர் வரை ஏற்றலாம். மொடக்குறிச்சிக்கு அப்போதும் பத்தாது.

தேர்தல் ஆணையத்துக்குக் கிடைத்த இந்தப் பெட்டியில் மிகப் புத்திசாலித்தனமான அம்சம், அது செய்ய மறுத்த ஒரு வேலை. கட்சியும் சின்னமும் ஓட்டு எண்ணும் பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எத்தனையாவது பொத்தான் என்பது மட்டும். பெயர்ப்பட்டியல், மேலே செருகும் அச்சுத் தாள். 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போய், மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்தன. எந்திரத்தில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. நான்கு விதத் தாள் அச்சடித்தால் போதுமாக இருந்தது.