ஏரியல் சில்க்

ஏரியல் சில்க் என்பது உயரத்தில் கட்டிய நீளத் துணியில் ஏறி, அந்தத் துணியையே காலிலும் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு, தொங்கியும் சுழன்றும் சரேலென இறங்கியும் நிகழ்த்தும் அந்தர வித்தை. சர்க்கஸ் உலகில் உருவானது; இன்று நடன மேடை, விருந்து மண்டபம், உடற்பயிற்சிக் கூடம் என்று பல இடங்களிலும் காணக் கிடைக்கிறது. கீழே வலை விரிப்பதில்லை. இடுப்பில் காப்புக் கயிறு கட்டும் வழக்கமும் பொதுவாக இல்லை. ஆளைத் தாங்குவது துணியின் உராய்வும் சரியான வரிசையில் போட்ட சுற்றும்தான். வரிசை மாறிய சுற்று அவிழ்ந்துவிடும் என்பதால், இக்கலையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் மற்ற உடற்பயிற்சி ஆசிரியர்களைவிடக் கறாராக இருக்கிறார்கள். இருக்கவும் வேண்டும்.

துணி பெரும்பாலும் நைலான் டிரைகாட் வகை. நீளவாக்கில் சற்றே இழுபடும், அகலவாக்கில் நன்றாக விரியும். 10, 12 மீட்டர் நீளமுள்ள ஒரே துணியை நடுவில் மடித்து, மலையேறிகள் பயன்படுத்தும் எட்டு வடிவ உலோக வளையத்தில் முடிந்தால் இரண்டு தலைப்புகள் கிடைக்கும். வளையத்துக்கு மேலே ஒரு சுழலி இருக்கும். அதை உத்தரத்தோடு இணைப்பவை காரபினர் எனப்படும் பூட்டுக் கொக்கிகள். சுழலி இல்லாமல் மாட்டினால் ஆள் சுற்றச் சுற்றத் துணி முறுக்கிக்கொண்டே போகும். அதிகம் இழுபடும் துணி, உயரத்திலிருந்து சரியும்போது அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஆனால் புதிதாக ஏறுபவரை அது பாடாய்ப் படுத்தும், அரை அடி ஏறினால் கால் அடி கீழே இறக்கிவிடும். தொடக்க வகுப்புக்குக் குறைவாக இழுபடும் துணியே ஏற்றது.

தோற்றம்

தொங்கும் கயிற்றில் வித்தை காட்டுவது ஐரோப்பிய சர்க்கஸில் பழைய சங்கதி. கயிறு இருந்த இடத்துக்குத் துணி வந்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பிரான்சிலும் கனடாவின் கியூபெக் மாநிலத்திலும். கியூபெக்கின் ஆந்த்ரே சிமார், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கனடாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருந்தவர். பின்னாளில் மாண்ட்ரியலில் அந்தர வித்தைகளை ஆராய்ந்தும் கற்பித்தும் வந்த அவர், ஜிம்னாஸ்டிக்ஸின் துல்லியத்தை நடனத்தின் ஓட்டத்தோடு சேர்க்க முயன்றார். சர்க் டு சொலேய் குழுவின் ‘கிடாம்’ 1996 ஏப்ரலில் மாண்ட்ரியலில் அரங்கேறியபோது, அதில் சிவப்புத் துணியில் நிகழ்ந்த காட்சி இக்கலையின் அடையாளம் போலவே ஆகிவிட்டது. 2010 ஜனவரியில் கிராமி விருது விழாவில் பாடகி பிங்க், தூளி போல் கட்டிய துணியில் சுழன்றபடி பாடினார். சர்க்கஸ் பார்க்காதவர்களும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தார்கள்.

மலேசியாவில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இது சர்க்கஸ் கூடாரத்தோடு வந்து சேரவில்லை. உடற்பயிற்சிக் கூடங்களும் நடனக் கூடங்களும் கொண்டுவந்தன. அதனால் கற்க வருபவர்களில் மேடையேறும் எண்ணம் உள்ளவர்கள் குறைவு. வேலை முடிந்து மாலையில் வருபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேறு நடனம் பயின்றவர்கள் என்று பலவிதம். பரதநாட்டியம் பயின்ற மாணவிக்குத் தொடை வலுவும் உடல் நிமிர்வும் ஏற்கெனவே இருக்கும். ஆனால் நம் செவ்வியல் நடனத்தில் கையால் உடலைத் தூக்கும் வேலை எங்கும் வராது. அரைமண்டியில் நெடுநேரம் நிற்கும் பெண், துணியைப் பிடித்துத் தொங்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே கைவிட்டு இறங்கிவிடுவாள்.

இந்தியாவில் இதற்கு உறவுக் கலை ஒன்று உண்டு: கம்பத்திலும் கயிற்றிலும் ஏறிச் செய்யும் மல்லர் கம்பம். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் காலத்து ‘மானசோல்லாசம்’ நூல்வரை அதன் வேர் காட்டப்படுகிறது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தேவதர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அதன் கயிற்றுப் பிரிவில் பருத்திக் கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பற்றி ஏறுவார்கள். முடிச்சே போடாமல் உடலைச் சுற்றி ஆசன நிலைகளில் நிற்பார்கள். தமிழகத்தில் விழுப்புரம் இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊர். 2019 பிப்ரவரியில் மும்பை சிவாஜி பூங்காவில் முதல் உலகப் போட்டி நடந்தது. அங்கே பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. துணி விரிந்து உடலை அணைத்துக்கொள்ளும், கயிறு அறுக்கும். மல்லர் கம்பம் பழகியவர் துணிக்கு வந்தால் சுகமாகத்தான் இருக்கும். எதிர்த்திசையில் போவது கடினம். பினாங்குத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளை ஏரியல் சில்க் வகுப்புகளில் சேர்க்கும்போது அதை அந்நியக் கலையாக எண்ணத் தேவையில்லை.

பினாங்கின் கூரைகள்

ஜார்ஜ் டவுனில் ஒருவர் பயிலகம் தொடங்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது கூரை. மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. அதன் பழைய பகுதி நெடுக வரிசை வரிசையாகக் கடைவீடுகள்: குறுகிய முகப்பு, நீண்டு பின்வாங்கும் உடல், நடுவே வானம் பார்த்த முற்றம், மரத்தளம், ஓட்டுக் கூரை. மாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் உயரம் போதும் போலவே தோன்றும். ஆனால் அங்கே குறுக்கே ஓடும் மரங்கள் ஓட்டின் பாரத்தைச் சுமக்கப் போட்டவை. அந்தப் பாரம் அசையாதது, கூரை முழுதும் பரவியிருப்பது. துணியில் தொங்கும் ஆளோ ஒரே இடத்தில், திடீர் திடீரென ஏறி இறங்கும் இழுவையைக் கொடுப்பார். 60 கிலோ எடையுள்ளவர் உயரத்திலிருந்து சரிந்து சடக்கென நிற்கும்போது, கண நேரத்துக்கு அவருடைய எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு விசை மேலே போகும். மோசமான சரிவில் அதற்கும் மேல். ஒரு தொங்குபுள்ளி ஏறத்தாழ 900 கிலோவையாவது தாங்க வேண்டும் என்று பல பயிலகங்கள் கணக்கு வைப்பது இதனால்தான். கரையான் உள்ளே புகுந்த நூறாண்டு மரம் வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

இரும்பு உத்தரம் போட்டுவிடலாமே என்றால், பாரம்பரியப் பகுதிக் கட்டடத்தின் அமைப்பில் கைவைக்கப் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். பொறியாளரின் கணக்கும் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டும் எட்டாக்கனி. இக்கலைக்குத் தோதானவை இரும்புச் சட்டக் கூரையும் தூணில்லாத கூடமும் உள்ள கிடங்குகள், பணிமனைகள், தொழிற்பேட்டைக் கட்டடங்கள். 1947இல் கட்டிய ஹின் பஸ் டிப்போ 2014 முதல் கலைக்கூடமாக இயங்குவதைப் பார்த்தால், ஜார்ஜ் டவுனில் பழைய பணிமனைகளுக்கு இரண்டாம் வாழ்வு கிடைப்பது புதிதல்ல என்று தெரியும். அங்கும் சட்டத்தின் வலுவை ஊகிக்க முடியாது. கணக்குப் போட்டாக வேண்டும். இன்னொரு வழி, மூன்று நான்கு கால்களில் நிற்கும் பெயர்த்து வைக்கக்கூடிய உலோகச் சட்டகம். ஹோட்டல் விருந்துகளில் நிகழ்ச்சி நடத்துபவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள். மண்டபத்தின் அலங்கார விளக்குக் கொக்கியைக் காட்டி “இதில் கட்டிக்கொள்ளுங்களேன்” என்று சொல்லும் ஏற்பாட்டாளர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களிடம் முடியாது என்று சொல்வதும் தொழிலின் ஒரு பகுதி.

கூரைக்கு அடுத்த பிரச்சினை காற்று. பினாங்கின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். உள்ளங்கை வியர்த்தால் நைலான் வழுக்கும். குளிர்நாடுகளில் லேசாகத் தூவும் ரோசினை இங்கே கூடுதலாகப் போடத் தோன்றும். பைன் மரப் பிசினிலிருந்து வரும் இந்தப் பொடி வியர்வையோடு சேர்ந்து துணியில் பசையாகப் படிந்து, நாலு வகுப்புக்குப் பின் துணி அழுக்காகவும் இறங்கும்போது தோலைப் பிய்ப்பதாகவும் ஆகிவிடும். கையைத் துடைத்துவிட்டுக் கொஞ்சமாகப் பூசுவதும், துணியை அடிக்கடி குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துவதும்தான் வழி. துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் கலந்துவிட்டால் அந்தத் துணியில் ஏறுவது வாழைமரத்தில் எண்ணெய் தடவி ஏறுவது போல.

கற்றல்

முதல் வகுப்பில் யாரும் உச்சிக்குப் போவதில்லை. துணியை இடுப்பளவு உயரத்தில் முடிந்து ஊஞ்சல் போலாக்கி, அதில் உட்காரவும் சாயவும் தலைகீழாகத் தொங்கவும் பழக்குவார்கள். பிறகு கையை நீட்டித் தொங்கும் பயிற்சி. வெறுமனே தொங்கினால் தோள் காதுவரை ஏறிக்கொள்ளும், மூட்டு நாரில் பாரம் விழும். தோள்பட்டையைக் கீழே இழுத்து, காதுக்கும் தோளுக்கும் இடைவெளி வைத்துத் தொங்க வேண்டும். பார்ப்பதற்கு ஓர் அங்குல வித்தியாசம்தான். தோள் காயத்தைத் தடுப்பது அந்த ஓர் அங்குலம்.

ஏறுதல் காலால் நடக்கும் வேலை. துணியை ஒரு காலின் வெளிப்புறமாக விட்டு, பாதத்தின் மேற்புறத்தில் படியவைத்து, மற்றப் பாதத்தால் அதை மிதித்து அமுக்கினால் துணி இரு பாதங்களுக்கிடையில் பூட்டிக்கொள்ளும். அதன்மேல் எழுந்து நின்று, கையை மேலே மாற்றி, முட்டியை மார்புவரை இழுத்து, மறுபடியும் அமுக்க வேண்டும். புதியவர்கள் கையாலேயே இழுத்து ஏறப் பார்ப்பார்கள். இரண்டு முறை ஏறியதும் விரல் மடங்காது. அடுத்தது ‘ஃபுட் லாக்’, அதாவது பாதத்தைச் சுற்றி எட்டு வடிவில் துணியைப் போட்டு அதன்மேல் நிற்பது. அதைப் போட ஒரு பாடம் என்றால், கையில் வலு தீர்ந்த நேரத்தில் உயரத்தில் நின்றபடி அதைக் கழற்றுவது இன்னொரு பாடம். இரண்டாவதைத்தான் முதலில் தேற வேண்டும். கழற்றத் தெரியாமல் மேலே சிக்கிக்கொள்பவர்கள் பதற்றத்தில் கையை விட்டுவிடுவதுண்டு.

முட்டியின் பின்புறத்திலும் அக்குளிலும் இடுப்பிலும் துணி உரசிச் சிவந்த தடம் விழும். நீளமான லெக்கிங்ஸும் இடுப்பை மூடும் சட்டையும் அணிவது அதற்காக. வளையல், மோதிரம், ஜிமிக்கி எல்லாம் கழற்றியாக வேண்டும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதன்மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம். தாலிச் சங்கிலிக்கு அந்தச் சலுகை கிடையாது. கழுத்தில் கிடக்கும் எதுவும் துணியோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

கற்பித்தல்

பார்வையாளர் கைதட்டுவது ‘டிராப்’ எனப்படும் சரிவுகளுக்கு. ஆள் மேலே துணியைச் சுற்றிக்கொண்டு கையை விட, சுற்றுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கடைசிச் சுற்றில் நிற்கும் வித்தை அது. கற்பிப்பவரின் திறமை இங்கே வெளிப்படும். நல்ல ஆசிரியர் அதே சுற்றைத் தரையோடு ஒட்டிய உயரத்தில் பலமுறை போடவைப்பார். எந்தச் சுற்று எதற்குப் பின் வந்தது, எது தாங்கும், எது அவிழும் என்று மாணவர் வாயாலேயே சொல்லவைப்பார். தன் கண்ணால் சரிபார்த்த பிறகே கையை விடச் சொல்வார். கீழே கனத்த மெத்தை கிடக்கும். ஆனாலும் தலைகீழாக விழுபவரின் கழுத்தை மெத்தை முழுதாகக் காப்பாற்றாது. இணையக் காணொளி பார்த்து டிராப் பழகுவதை ஆசிரியர்கள் வெறுப்பதற்குக் காரணம், காணொளியில் துணியின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும் என்பது.

வளையம், கொக்கி, சுழலி ஆகியவற்றைச் சோதிப்பதும் ஆசிரியர் பொறுப்பு. 2014 மே 4 அன்று அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் எட்டுப் பெண்கள் ஒரு சட்டகத்திலிருந்து கூந்தலால் தொங்கும் காட்சி நடந்தபோது, மேலே இருந்த ஒரே ஒரு காரபினர் உடைந்து எட்டுப் பேரும் தரையில் விழுந்தார்கள். கீழே நின்ற நடனக்காரர் ஒருவருக்கும் காயம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை விசாரித்தபோது, கொக்கி மாட்டப்பட்ட விதம்தான் தவறு என்று தெரிந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு முனையில் நேராக இழுபட வேண்டிய கொக்கியின் கீழ்ப்பக்கம் பல இணைப்புகளை மாட்டி, வெவ்வேறு திசையில் இழுபட விட்டிருந்தார்கள். கொக்கியில் நேர் இழுவைக்கெனப் பொறித்திருக்கும் சுமை எண், மற்றத் திசை இழுவைக்குச் செல்லாது. குறுக்கே இழுபட்டால் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஏரியல் ஆசிரியருக்கென்று உலகெங்கும் செல்லும் ஒரே உரிமம் கிடையாது. மாண்ட்ரியலில் 1981இல் தொடங்கிய தேசிய சர்க்கஸ் பள்ளி போன்றவற்றில் ஆண்டுக்கணக்கில் பயின்றவரும், வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயரில்தான் கற்பிக்கிறார்கள். பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் சான்றிதழைவிட வேறு சிலவற்றைக் கேட்கலாம்: உத்தரத்தைச் சோதித்த பொறியாளர் அறிக்கை உண்டா, துணியை எப்போது மாற்றினீர்கள், பிள்ளை மேலே சிக்கிக்கொண்டால் எப்படி இறக்குவீர்கள்? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

வகுப்பில் ஓரளவு தேறியவர்கள் சொந்தமாகத் துணி வாங்கி, பூங்காவிலோ கடற்கரையிலோ மரத்தில் கட்டிப் படமெடுப்பதும் உண்டு. பினாங்கில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் குறைவில்லை, கிளைகளும் அகல விரிந்திருக்கும். ஆனால் கனமழையும் காற்றும் வரும் நாட்களில் இத்தகைய பெருமரங்களின் கிளைகள் ஒடிந்து சாலையில் விழுவது தீவில் வழக்கமான செய்தி. மரத்தில் கட்டுவதென்றால் மரமருத்துவரிடம் காட்டி, உயிருள்ள தடித்த கிளையில் அடிமரத்தை ஒட்டி, பட்டை அறுபடாதபடி அகலப் பட்டியால் கட்ட வேண்டும். முதலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தரையில் நின்றபடியே இழுத்துப் பார்ப்பது வழக்கம். அப்படியும் அதில் டிராப் செய்ய ஆசிரியர்கள் அனுமதிப்பதில்லை.