பொத்தானை அழுத்தியும் பேசாத கணிப்பொறி

புதுச்சேரியின் வடபுறத்திலுள்ள லாஸ்பேட்டை, 1765இல் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரியைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சு ஆளுநர் ழான் லாவின் பெயரைத் தாங்கியது. ஆளுநர் போனார்; 1954இல் பிரெஞ்சு ஆட்சியும் போயிற்று; பெயர் மட்டும் நின்றுவிட்டது.

1990களின் இறுதியில் அவ்வூர்க் கணிப்பொறிக் கூடம் ஒன்றில், தமிழ்வழியில் படித்த மாணவர் ஒருவர் விஷுவல் பேசிக் மொழியில் தனிவட்டிக் கணக்கு எழுதினார். மறுநாள் செய்முறைத் தேர்வு. திரையிலுள்ள பொத்தானை அழுத்தினால் விடை வரவேண்டும். வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. தமக்குத்தான் பாடம் புரியவில்லை என்றெண்ணி, சூத்திரத்தை நான்கு முறை அழித்தெழுதினார். பக்கத்திலிருந்த நானும் சூத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தவறே இல்லை.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது? 1964இல் கெமனி, கர்ட்ஸ் இருவரும் டார்ட்மத் கல்லூரியில் உருவாக்கிய பேசிக் மொழியில் நிரல்தான் எஜமான். வரிசை எண்படி நடக்கும். தவறிருந்தால் பெரும்பாலும் அந்த வரியிலேயே நின்று முறையிடும். செராக்ஸ் நிறுவனத்தின் ஆல்ட்டோ (1973), மெக்கின்டாஷ் (1984), விண்டோஸ் (1985) ஆகியவை இம்முறையைத் தலைகீழாக்கின. எதை எப்போது அழுத்துவது என்பது இப்போது பயன்படுத்துபவரின் விருப்பம். அழுத்துவது ஒரு ‘நிகழ்வு’. அதற்குப் பதில் சொல்லக் காத்திருக்கும் நிரல்பகுதி ‘கையாளி’. அழைப்பு வராவிட்டால், எவ்வளவு நல்ல கணக்கை வைத்திருந்தாலும் கையாளி தூங்கிக்கொண்டேயிருக்கும்.

1991இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விஷுவல் பேசிக், இந்த இணைப்பைப் பெயராலேயே செய்தது. முதல் பொத்தானுக்குத் தானாகவே ‘கமாண்ட்1’ என்று பெயர். அதை அழுத்தும்போது அழைக்கப்படும் கையாளி ‘கமாண்ட்1_கிளிக்’. கையாளியை எழுதியபின் பொத்தானின் பெயரை மாற்றினால், கையாளி பழைய பெயரோடு நின்றுவிடும். கணிப்பொறி அதைத் தவறென்றும் சொல்லாது. யாரும் அழைக்காத பொது நிரல்பகுதியாக ஒதுக்கிவிடும். தெருவின் பழைய பெயரெழுதிய கடிதத்தையும் நம் தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். கணிப்பொறிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நம் மாணவர் பொத்தானுக்குப் பொருளுள்ள பெயர் வைத்தார். நல்ல பழக்கம்தான், ஆனால் கையாளியை எழுதி முடித்தபின் வைத்தார். மாலையில் ஆசிரியர் வந்து கையாளியின் பெயரையும் மாற்றச் சொன்னார். முதல் அழுத்தலிலேயே விடை வந்தது.

அன்று அவர் காட்டிய சோதனை எளிது. கையாளியின் முதல் வரியாக ஒரு செய்திப்பெட்டியைக் காட்டும் கட்டளையை வைத்து ஓட்டிப் பாருங்கள். பெட்டி தோன்றினால் பிழை உள்ளே, தோன்றாவிட்டால் இணைப்பில். பின்னதானால் கணக்கைத் தொடவே வேண்டாம். நிரல் சாளரத்தின் மேலே இரு பட்டியல்கள் உண்டு. இடப்புறம் பொத்தானின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், கையாளி எழுதப்பட்ட நிகழ்வுகள் வலப்புறம் தடித்த எழுத்தில் தெரியும். ‘கிளிக்’ நிகழ்வின்கீழ் நீங்கள் எழுதிய கணக்கு இல்லாவிட்டால் இணைப்பு அறுந்திருக்கிறது. வேறொரு நிரல்பகுதி நீண்ட சுற்றில் மாட்டிக்கொண்டாலும் பொத்தான் பேசாதுதான். ஆனால் அப்போது திரை முழுவதுமே உறைந்து நிற்கும்.

2002இல் வந்த டாட்நெட் பதிப்பில், எந்தப் பொத்தானின் எந்த நிகழ்வுக்கு உரியது என்பது கையாளியின் தலைவரியிலேயே எழுதப்பட்டது. பெயர் மாற்றும் தொல்லை தீர்ந்தது. ஆனால் வடிவமைக்கும்போது பொத்தானை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் அந்தக் குறிப்பு சொல்லாமல் மறைந்துவிடும். பொத்தான் மறுபடி வாய் மூடிக்கொள்ளும்.