83, 73, 62: கர்நாடகப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் சரிந்தது ஏன்? மார்க் எதைத்தான் அளக்கிறது?

மாரிகுப்பத்தோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குப் பிழைப்பே இங்கிருந்து பெங்களூரு போகும் ரயில்தான். அந்த ரயிலில் ஏறி என்ன வேலைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பதில் பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பியுசி, டிப்ளமோ, ஐடிஐ எதற்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த கார்டில் இருக்கும் எண், பிள்ளை கற்றதைச் சொல்கிறதா?

முதலில் மாநிலக் கணக்கு. கர்நாடக எஸ்எஸ்எல்சி தேர்ச்சி 2023-ல் 83.89%. 2024-ல் 73.40%. 2025-ல் 62.34%. (கடைசி எண்ணில் மறுமுறை எழுதியவர்களும் உண்டு. முதல்முறை எழுதியவர்களை மட்டும் எடுத்தால் 66.14%.) இரண்டே வருஷத்தில் 21 புள்ளிக்கு மேல் சரிவு. பிள்ளைகள் திடீரென்று படிப்பை மறந்துவிட்டார்களா என்ன?

இல்லை. மாறியது தேர்வு அறை. 2024-ல் தேர்வு மையங்களில் கேமரா வைத்து, வெப்காஸ்டிங் மூலம் நேரலையாகக் கண்காணித்தார்கள். ரிசல்ட் அதலபாதாளத்துக்குப் போகும் என்று தெரிந்ததும், கருணை மதிப்பெண்ணை அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 10%-லிருந்து 20% ஆக்கினார்கள். கருணை மதிப்பெண் வாங்குவதற்கான தகுதியும் 35%-லிருந்து 25%-க்கு இறங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அப்படித்தான் பாஸானார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் 2024-ன் தேர்ச்சி 55%-ஐக்கூடத் தொடாது. 2025-ல் கேமரா இருந்தது, அந்தச் சலுகை இல்லை.

இப்போது மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். 83-க்கும் 62-க்கும் நடுவில் இருப்பதில் பெரும்பகுதி கண்காணிப்பும் விதியும். கற்றல் எவ்வளவு கூடியது, குறைந்தது என்பதை இவற்றை வைத்துச் சொல்லவே முடியாது.

விதி மாறினால் 'பாஸ்' என்ற சொல்லே மாறும்

2025 அக்டோபரில் கர்நாடக அரசு அறிவித்த விதியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 625-க்கு 206 வாங்க வேண்டும், அதாவது 33%. ஒவ்வொரு பாடத்திலும் இன்டர்னலையும் சேர்த்துக் குறைந்தது 30%. இந்த 625-ல் எழுத்துத் தேர்வுக்கு 500, பள்ளியே போடும் இன்டர்னலுக்கு 125.

ஒரு பிள்ளைக்கு இன்டர்னல் முழுசாக 125-ம் விழுந்தது என்று வையுங்கள். 206-ல் மீதி 81. 500-க்கு 81 என்றால் 16.2%. எழுத்துத் தேர்வில் ஆறில் ஒரு பங்குகூட எழுதாமல், விதிப்படி பாஸ் ஆகலாம். இது காகிதக் கணக்குதான், எத்தனை பேர் இப்படிப் பாஸாகிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் 'பாஸ்' என்று போட்டிருந்தால் அதற்கு அடியில் என்ன இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

வீட்டில் ஒரு மொழி, வினாத்தாளில் இன்னொன்று

தங்கவயலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ். கடைவீதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து ஓடும். கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இல்லாவிட்டால் கன்னடத்தில். '240 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 15% லாபத்தில் விற்றால் விற்ற விலை என்ன?' என்று தமிழில் கேட்டால் 276 என்று வாயாலேயே சொல்லும் பிள்ளை, அதே கேள்வி வேற்று மொழியில் மூன்று வரிக்கு வந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடலாம். வினாத்தாளில் போன மார்க்கு கணக்குக்கா, மொழிக்கா? மார்க்ஸ் கார்டில் அதற்குத் தனி காலம் கிடையாது.

மொழியை விடுங்கள், கேட்கும் விதமே போதும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. ஒரே பேரத்தில் பல பொருளுக்கு விலை கூட்டி, பாக்கியை மனக்கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். அதே கூட்டல், வகுத்தலைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது பெரும்பாலோர் தடுமாறினார்கள். வேலைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படித்தவர்களிடம் நேர் எதிர்: தாளில் பரவாயில்லை, சந்தைக் கணக்கில் தடுமாற்றம். என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாதிதான்.

தமிழ்நாட்டுக்காரர்கள் ரொம்பவும் நிம்மதி அடைய வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 80%-க்கு மேல் இருந்த காலத்தில்தான், 15 வயது மாணவர்களுக்கான சர்வதேச பிசா தேர்வில் (2009 சுற்று) தமிழ்நாடும் இமாச்சலும் கலந்துகொண்டன. 74 நாடுகள், பகுதிகளில் இரண்டும் கடைசிக்குச் சற்று மேலே. அதற்குப் பிறகு எந்த இந்திய மாநிலத்துக்கும் பிசா ரிசல்ட் வரவில்லை.

அப்போ மார்க் வெறும் பொய்யா?

அப்படியும் இல்லை. ஒரே வருஷம், ஒரே வினாத்தாள், ஒரே கண்காணிப்பு என்றால், 550 வாங்கியவர் 250 வாங்கியவரைவிடப் பாடத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல அதிகம் தயங்க வேண்டாம். சிக்கல் வருவது வருஷத்தோடு வருஷத்தை ஒப்பிடும்போதும், எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைகள் விஷயத்திலும்தான்.

கற்றலை நேராக அளக்கும் கணக்கெடுப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை மாரிகுப்பத்தைத் தனியாகக் காட்டாது. பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் ஏசர், கிராமங்களுக்கு மட்டுமே போகிறது, தங்கவயல் நகராட்சி. 2024 டிசம்பரில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்த மத்திய அரசின் பரக் கணக்கெடுப்பு, கோலார் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரு படம் தருகிறது. அதோடு சரி.

எனவே உங்கள் தம்பி, தங்கச்சி மார்க்ஸ் கார்டைக் கொண்டுவந்தால், எழுத்துத் தேர்வு மார்க்கை இன்டர்னலிலிருந்து பிரித்துப் பாருங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் வருஷத்தையும் பாருங்கள். 2024-ல் கருணை மதிப்பெண்ணால் பாஸாகி பியுசி சேர்ந்த பிள்ளையும், 2025-ல் அதே விடைத்தாளை எழுதி ஃபெயிலாகி இரண்டாம் தேர்வுக்குக் காத்திருந்த பிள்ளையும், உங்கள் மேஜையில் ஒரே விண்ணப்பக் கட்டுக்குள் இருக்கக்கூடும்.