விதை தராத பூ

ஜப்பானில் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கோடை வருவதற்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி கைக்கு வந்துவிடும். அதில் நாலைந்து விதை ஊன்ற வேண்டும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். முளைத்தால் படம் வரைய வேண்டும். விடுமுறை விட்டதும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கொடியின் பெயர் அசாகாவோ, 'காலை முகம்' என்று பொருள். விடியலில் புனல்போல விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும் பூ. நம்மூர் வள்ளைக்கீரைக்கும் சர்க்கரைவள்ளிக்கும் தாயாதி. ஆறு வயதுப் பிள்ளையின் கைபட்டும் தழைக்கிற இந்தச் சாதுக் கொடிக்காக, 200 ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைநகரமே பித்துப்பிடித்துக் கிடந்தது.

அது ஜப்பானுக்கு வந்தது பூவுக்காக அல்ல, பேதி மருந்துக்காக. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் சீனாவிலிருந்து விதையாக வந்து இறங்கியது. 'மாட்டை இழுத்துவரும் விதை' என்பது அதன் சீனப் பெயர். நோய் தீர்ந்த உழவன் ஒருவன் வைத்தியருக்கு நன்றி சொல்ல மாட்டையே பிடித்துக்கொண்டு வந்தானாம், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நெடுங்காலம் நீலம் ஒன்றே அதன் நிறம். வேலியில் படர்ந்தால் பார்ப்பார்கள், வயிறு கட்டிக்கொண்டால் பறிப்பார்கள். அவ்வளவுதான்.

1806இல் எடோ நகரம், அதாவது இன்றைய தோக்கியோ, பெருந்தீயில் வெந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் வாழ்ந்த மர வீடுகளின் ஊர் அது. எரிந்துபோன ஷிதாயா பகுதியின் காலி மனைகளில் செடி வளர்ப்பவர்கள் அசாகாவோவைப் பயிரிட்டார்கள். விதவிதமான கொடிகள் அங்கே தலைகாட்டின, பார்க்கக் கூட்டம் கூடியது, பித்து பரவியது. பக்கத்திலேயே இருந்த கீழ்நிலைச் சாமுராய்களுக்கு இது தோதான பக்கத் தொழிலாகவும் ஆனது. வாள் வைத்திருந்தார்களே தவிர, சம்பளம் வாய்க்கும் கைக்கும்கூடப் பற்றாது. ரோஜாத் தோட்டம் போட நிலம் வேண்டும், மரம் வளர்க்க ஆயுள் வேண்டும். அசாகாவோவுக்கு ஒரு தொட்டியும் மூன்று குச்சியும் போதும். வசந்தத்தில் விதைத்தால் கோடையிலேயே பலன். 1815இலும் 1817இலும் வகைகளைப் படம் போட்டு விளக்கும் நூல்கள் அச்சேறின என்றால் வாங்க ஆள் இருந்தது என்றுதானே அர்த்தம்.

அந்த நூல்களைப் புரட்டுகிறவர் முதலில் திகைத்துப்போவார். இது அசாகாவோதானா? இலை மூங்கில்போல ஒடுங்கியிருக்கும், இல்லையென்றால் தும்பிபோல இறக்கை விரித்திருக்கும். ஒரு பூவின் இதழ் நாடா நாடாவாகக் கிழிந்து தொங்கும், இன்னொன்று பியோனிபோல அடுக்கடுக்காகப் பொங்கும். குச்சியைப் பற்றி ஏற மறுத்து, சோம்பேறிபோலக் கீழ்நோக்கித் தொங்கும் கொடி உண்டு. தண்டு பட்டையாகத் தட்டையாகிப்போனதும் உண்டு. அழகு என்று சொல்ல முடியாத சிலவும் இவற்றில் இருந்தன. எடோக்காரர்கள் தேடியது அழகை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லாத விநோதம் ஒன்று தன் தொட்டியில் முளைக்க வேண்டும், அதுதான் ஆசை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடுக்குப் பூவில் மகரந்தக் கேசரமும் சூலகமும் இதழாக மாறிப்போயிருக்கும். மகரந்தம் கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. செடியோ ஓராண்டுப் பயிர், இலையுதிர் காலத்தோடு கதை முடிந்தது. ஆனாலும் அடுத்த கோடையில் அதே பூ அதே வீட்டில் மறுபடி பூத்தது. எப்படி?

வளர்ப்பவர்கள் விநோதச் செடியை விட்டுவிட்டு, அதனோடு பிறந்த சாதாரணச் செடிகளைப் பாதுகாத்தார்கள். விதை தராத விநோதத்துக்கு 'தெமோனோ' என்று பெயர். அதே தாயின் விதையில் முளைத்து, பார்வைக்கு எந்தச் சிறப்பும் இல்லாமல் வெறும் புனல் பூ பூக்கும் உடன்பிறப்புக்கு 'ஓயாகி', தாய்ச்செடி. நாலு நாற்றில் ஒன்று தெமோனோவாக வந்தால் மூன்று சாதாரணமாக இருக்கும். அந்த மூன்றில் சராசரியாக இரண்டு விநோதத்தைத் தமக்குள் ஒளித்துவைத்திருக்கும், ஒன்று வெறுங்கை. எது எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அடுத்த ஆண்டு தனித்தனியாக விதைத்து, எந்தப் பொட்டலத்திலிருந்து விநோதம் வருகிறதோ அந்த வம்சத்தைத் தொடர்வார்கள். இரண்டு விநோதங்கள் ஒரே பூவில் சேர வேண்டுமானால் 16 நாற்றில் ஒன்றுதான் தேறும். மூன்று என்றால் 64இல் ஒன்று. விதையிலை விரிந்த உடனேயே அதன் வடிவத்தைப் பார்த்துத் தேவையற்றதைப் பிடுங்கியெறியும் கண் சிலருக்கு வாய்த்திருந்தது. ஒரு சௌகரியமும் இருந்தது: அசாகாவோ மொட்டு விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். தேனீ வந்து வம்சத்தைக் கலப்பது அரிது.

மரபியலின் முன்னோடி மெண்டல் தன் பட்டாணிக் கணக்கை அச்சிட்டது 1866இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எடோவின் தொட்டிகளில் அந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. இதை வைத்து அவர்களை விஞ்ஞானிகள் ஆக்கிவிட வேண்டியதில்லை. ஏன் அப்படி நடக்கிறது என்று அவர்கள் விதி எழுதவில்லை. எந்தப் பசுவின் கன்று பால்மடி கட்டும் என்று ஊர்க்கிழவருக்குத் தெரிவது போன்ற அறிவு அது.

1848 முதல் 1860 வரையிலான காலத்தில் பித்து மறுபடி தலைக்கேறியது. இந்த முறை பெரிய இடத்து ஆட்களும் இறங்கினார்கள். எடோவின் வடக்கு நீதிபதியாக இருந்த நபேஷிமா நவோதகா அசாகாவோ வட்டத்தின் பெரிய புரவலர். செடி வியாபாரி நரிதாயா தோமேஜிரோ எடோவின் இரியா பகுதியில் தொழில் நடத்தினார். போட்டிகளில் வென்ற பூக்களைச் சுமோ மல்லர்களின் தரப்பட்டியல் போலவே வரிசைப்படுத்தி அச்சிட்டார்கள். 1854இல், அமெரிக்கப் போர்க்கப்பல்களின் நெருக்கடியில் ஜப்பான் துறைமுகங்களைத் திறக்க ஒப்பந்தமிட்ட அதே ஆண்டில், 36 அரிய அசாகாவோக்களின் படத்தொகுப்பு வெளிவந்தது. 36 பெருங்கவிஞர்களை வரிசைப்படுத்தும் பழைய மரபைக் கேலியாகப் பூவுக்கு மாற்றிக்கொண்ட தலைப்பு அதற்கு.

அடுத்து வந்த மெய்ஜி பேரரசர் காலத்தில் இரியாவின் வயல் சேறு இந்தக் கொடிக்கு ஏற்றதென்று தெரிந்து அந்த ஊரே பூந்தொட்டியானது. பிறகு நகரம் வளர்ந்து வயலை விழுங்கியது. 1913 வாக்கில் வளர்ப்பவர்கள் வெளியேறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948இல் இரியாவின் அசாகாவோ திருவிழாவாக மீண்டது. இன்றும் ஜூலை 6 முதல் 8 வரை இரியாவில் தெருவடைத்துத் தொட்டிகள் விற்கும். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் வட்டமான, பளிச்சென்ற பூக்கள். 20ஆம் நூற்றாண்டின் ரசனை 20 சென்டிமீட்டர் அகலப் பெரும் பூக்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. கிழிந்த இதழ்க்காரர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்.

அவற்றை முழுதாக அழியவிடாமல் காத்தவர்கள் சில ஆர்வலர்களும் மரபியல் ஆய்வாளர்களும். செடியின் மரபணுக்களுக்கிடையே இடம் தாவும் துணுக்குகள் புகுந்து கெடுப்பதால்தான் பெரும்பாலான விநோதங்கள் பிறக்கின்றன என்று பின்னாளில் கண்டார்கள். இன்று அந்த வம்சங்களின் பெருந்தொகுப்பு கியூஷூ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சிபா மாநிலத்து சகுரா ஊரிலுள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம் 1999 முதல் ஆண்டுதோறும் கோடையில் அவற்றைக் காட்சிக்கு வைக்கிறது.

எல்லாம் தப்பிவிடவில்லை. பழைய நூல்களில் மஞ்சள் அசாகாவோ உண்டு, கொடிகளில் இல்லை. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஸ்னாப்டிராகன் பூவின் மரபணு ஒன்றைச் செலுத்தி ஆய்வகத்தில் மஞ்சள் பூவை வரவழைத்தார்கள். எடோவின் மஞ்சள் போனது போனதுதான்.

இந்த வேலையைத் தொடர்கிறவர்கள் கோடை முழுக்கத் தெமோனோவை வாசலில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார்கள். இலையுதிர் காலம் வந்ததும் அது வாடிவிடும். அதன் பிறகு கொல்லைப்பக்கம் போவார்கள். அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வெறும் கொடியில் காய்கள் காய்ந்து பழுப்பேறியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளி, செடிக்கொரு காகித உறையில் போட்டு, மேலே எண் எழுதுவார்கள்.