கிணறும் பங்கும்: 19ஆம் நூற்றாண்டு ஆத்தூர் வட்டத்தில் பெருங்குடியானவர் குடும்பம்

ஆத்தூர் வட்டத்துப் பெருங்குடியானவர் கம்பெனி ஆட்சிக்கு முன்பே இருந்தவர். அவருடைய பெயர் புல எண்ணோடு சேர்த்து எழுதப்பட்டது 1792க்குப் பிறகுதான். கம்பெனி அதிகாரி ரீடின் கீழ் மக்லியோட் நடத்திய நில அளவை, 1802இல் தொடங்கிய மிட்டா (ஜமீன் போன்ற நிலத்தொகுதி) ஏலம், பாக்கி விழுந்து பல மிட்டாக்கள் மீண்டும் குடியானவரிடமே நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரிக்குத் திரும்பியது ஆகியவை தெரிந்த செய்திகள். ஆள்வோரின் ஏற்பாடு இப்படி மாறிமாறி வந்தபோதும் உழுத குடும்பங்கள் பெரும்பாலும் அதே நிலத்தில் இருந்தன. அவற்றுள் சில மட்டும் எப்படிச் செழித்தன, அந்தச் செழிப்பு எத்தனை தலைமுறை நின்றது என்பதே விவாதத்துக்குரியது.

இதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட விடை வரலாற்றாசிரியர் டேவிட் வாஷ்புரூக் 1973இல் எழுதிய கட்டுரையிலும் 1976இல் வெளியிட்ட நூலிலும் உள்ளது. மழையை நம்பிய வறண்ட பகுதிகளில் ஊருக்குச் சிலராக இருந்த பெரிய குடியானவர்கள் கடன், தானிய விற்பனை, ஊர் மணியம் (ஊர்த் தலைமைப் பதவி) மூன்றையும் தங்கள் கையில் வைத்திருந்தனர். மற்றவர்கள் அவர்களை அண்டியே பிழைத்தனர் என்பது அவர் வாதம். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவருக்குச் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் தந்ததால், மணியக்காரர் வீட்டுத் திண்ணையே கச்சேரியாகவும் கடன் கொடுக்கும் இடமாகவும் ஆனது. இவ்வளவும் மறுக்க முடியாதவை. ஆனால் வாஷ்புரூக்கின் சான்றுகளில் பெரும்பகுதி பெல்லாரி, அனந்தபூர், கர்நூல் பக்கத்துக் கரிசல் காட்டைச் சேர்ந்தவை. புரூஸ் ராபர்ட் 1983இல் அந்தப் பகுதிகளிலேயே இந்த வாதத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். அந்தக் கரிசல் காட்டு முடிவை ஆத்தூர் வட்டத்து வசிஷ்ட நதிப் பள்ளத்தாக்குக்கு அப்படியே பொருத்துவது இன்னும் பெரிய தவறு. பருத்திக் காட்டில் பணமே முதல். இங்கோ கிணறுதான் முதல், அதைத் தோண்டுவதும் இறைப்பதும் குடும்பத்தின் ஆள்பலத்தை நம்பியவை.

எருது பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை இறைப்பைக் கூர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் ஒரு சோடி எருது இறங்கும். ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தம் எடையையும் சேர்ப்பார். நீர் மொள்ளும் சால் மேலே வந்ததும் வால்கயிற்றின் பிடியில் அதன் தோல் குழாயான தும்பி வாய்க்காலில் நீரைக் கொட்டும். எருதுகள் பின்னடி வைத்து மேடேறும். விடிவதற்கு முன் தொடங்கும் இவ்வேலைக்கு ஓட்ட ஓர் ஆள், மடை மாற்ற ஓர் ஆள், மாட்டுக்குத் தீவனம், தேய்ந்துபோகும் வடத்துக்கும் தோலுக்கும் ஓயாத செலவு. நான்கு கவலை ஓடும் கிணறு உள்ளவர் நான்கு சோடி எருதுகளைக் கட்டிக் காப்பாற்ற வேண்டும். அதனால் மகன்களும் மருமகள்களும் பண்ணையாட்களும் ஒரே களத்தில் சோறுண்ணும் வீடே தோட்டப் பயிரைத் தாங்கியது. சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகக் கூடுதல் தீர்வை இல்லை என்ற நிலை 1850களில் உறுதிப்பட்டதும் இவ்வீடுகள் மேலும் கிணறு வெட்டத் துணிந்தன.

அந்த வீடு உடையும் இடம் பாகப்பிரிவினை. 1864இல் பதிவுச் சட்டம் வந்தபின் எழுதப்பட்ட பத்திரங்களில் நிலம் துண்டாகப் பிரிந்தாலும் கிணறு பிரிவதில்லை. கிணற்றில் கால் பங்கு, அரைக்கால் பங்கு, இறைக்கும் முறைநாள், மாமூல் வண்டித்தடம் என்றே எழுதுவது வழக்கம். இந்தப் பிரிவு வாய்மொழியாக முன்பே நடந்து, சச்சரவு வந்தபிறகே பத்திரமான வீடுகள் பல. ஆகவே பத்திரத் தேதியைப் பிரிந்த தேதியாகக் கொள்ள இயலாது. பிரிவு ஒரு தலைமுறை முன்பே நடந்திருக்கலாம். எப்படியாயினும், தந்தை காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த வீடு, மகன்கள் காலத்தில் முறைநாளுக்குக் காத்திருக்கும் நான்கு வீடுகளாயிற்று. அன்று பெண்களுக்கு நிலத்தில் பங்கு இருந்ததில்லை. நகையும் சீரும் பசுமாடுமே அவர்களுக்குப் போயின. உறவுக்குள் பெண் கொடுத்து வாங்கும் வழக்கம் பிரிந்த வீடுகளை மீண்டும் நெருக்கியிருக்கலாம். ஆனால் அதனால் நிலம் ஒன்றுசேர்ந்தது என்று சொல்லும் அளவுக்குச் சான்று போதாது.

1876–78 தாது வருடப் பஞ்சம் இந்த அமைப்பைக் கடுமையாகச் சோதித்தது. 1871இல் சுமார் 19.67 இலட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறக்குறைய 16 இலட்சமாகச் சுருங்கியது. பெரியவர்கள் மலிவாக நிலம் வாங்கிப் பெருத்தார்கள் என்பது வாஷ்புரூக் வழி வாசிப்பவர்கள் எளிதில் எட்டும் முடிவு. சிலர் வாங்கியிருப்பர். ஆனால் பஞ்சம் முதலில் தின்றது மாட்டை. எருது செத்த வீட்டுக்கு ஆழமான கிணறும் வீணே. வடம் பூட்ட ஆளும் மாடும் இல்லாமல் புதிதாக வாங்கிய நிலம் தீர்வைச் சுமையாகவே நின்றிருக்கும். தப்பியவர் பணத்தைவிடத் தீவனப் போரையும் ஆற்றங்கரை நஞ்சையையும் கொண்டே தப்பினார் என்று கொள்வதே பொருத்தம். 1883, 1884ஆம் ஆண்டுகளின் கடன் சட்டங்கள் கிணற்றுக்கும் மாட்டுக்கும் அரசுக் கடன் தர வழிசெய்தது, அந்த இழப்பு எங்கே விழுந்தது என்பதை அரசும் உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

விற்பனையும் பெருங்குடியானவரின் தனியுரிமையாக இருந்ததில்லை. ஆத்தூருக்கு ரயில் வந்தது 20ஆம் நூற்றாண்டில். அதுவரை பாக்கும் தானியமும் சேலம்–கடலூர் சாலையில் மாட்டு வண்டியிலேயே போயின. வண்டி செய்வதில் பேர்பெற்ற ஆத்தூரில், ஒரு வண்டியும் ஒரு சோடி மாடும் உள்ள நடுத்தரக் குடியானவருக்கும் சந்தை திறந்தே இருந்தது. பெரிய வீட்டுக்கு நீடித்து எஞ்சியது ஊர் மணியம் மட்டுமே. 1895ஆம் ஆண்டுப் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் அதைக் குடும்ப உரிமையாக உறுதிசெய்தது. நிலம் நான்காகச் சிதறிய பிறகும் மணியம் ஒரு கிளையில் நின்றது. பல ஊர்களில் அந்தக் கிளையின் பிடி, தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்ட 1980 வரை தொடர்ந்தது.