யாழ்ப்பாணத் தீவகம்

இலங்கையின் வட முனையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையில் பரந்துகிடக்கும் தீவுக் கூட்டம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, காரைதீவு (இன்று காரைநகர்), அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றைச் சேர்த்து ‘சப்த தீவுகள்’ என்பது வழக்கம். மண்டைதீவையும் சேர்த்து எட்டு என்போரும் உண்டு. கச்சதீவு தனியே மக்கள் குடியிருப்பின்றிக் கிடக்கிறது.

நிலவியல்: தட்டையான சுண்ணக்கல் நிலம். ஆறு கிடையாது, குடிநீருக்குக் கிணறும் மழையும்தான். கோடையில் பல கிணறுகள் உவர்த்துவிடும். பனையே முதன்மையான மரம். சப்த தீவுகளில் மிகத் தொலைவில் உள்ளது சுமார் 50 சதுர கி.மீ. பரப்புள்ள நெடுந்தீவு. குடாநாட்டில் வேலிக்குக் கதியாலும் கிடுகும் செய்யும் வேலையை இங்கே முருகைக்கல் செய்கிறது. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் ஒழுங்கை நெடுகச் செல்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூச்சி விட்டுச்சென்ற வரிகளை விரலால் தடவிப் பார்க்கலாம்.

பழைய வரலாறு: புத்தர் நாகதீபத்துக்கு வந்து, மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக அரசர் இருவரைச் சமாதானப்படுத்தியதாக மகாவம்சம் கூறுகிறது. அந்த நாகதீபம் நயினாதீவே என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. வல்லிபுரம் பொற்சாசனத்தில் வரும் ‘நாகதீவ’ என்ற பெயரைக் காட்டி, அது குடாநாடு முழுவதையும் குறித்திருக்கலாம் என்பார் சிலர். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவமும் நயினாதீவுதான் என்ற கருத்துக்கு ஆதரவும் மறுப்பும் உள்ளன. இன்று நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அந்தச் சிறு தீவில் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன.

இந்த வரலாற்றில் ஐயத்துக்கு மிகக் குறைவாக இடம் தரும் சான்று, நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. அதைப் பொறிக்கச் செய்தவன் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). சிங்கள மன்னன் தமிழில் ஆணையிட்டிருப்பதே, ஊராத்துறைத் துறைமுகத்துக்கு வந்த வணிகர் எம்மொழியினர் என்பதற்குக் குறிப்பாகலாம். பரதேசிகள் (பிறநாட்டு வணிகர்) அங்கே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. அடுத்து வருவது உடைந்த கப்பலின் கணக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உரியவனுக்கு. பிற வணிகச் சரக்கானால் ஆளுக்குப் பாதி. போர் விலங்கு கொண்டுவருபவன் நட்டத்துக்கு அஞ்சி வராமல் இருந்துவிடக்கூடாது என்ற கவலையே இந்தச் சலுகைக்குக் காரணமாகலாம். கரை ஒதுங்கியதெல்லாம் கரைக்கு உடையவனுக்கே என்ற வழக்கம் பல நாடுகளில் இருந்த காலத்தில், சரக்கை இழந்தவனுக்கும் பங்கு வைத்த கல் இது. ஆணை மறக்கப்படாதிருக்கக் கல்லிலும் செம்பிலும் வெட்டப்பட்டதாக அதுவே சொல்கிறது. கல் மட்டுமே கிடைத்துள்ளது.

ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. ‘கய்ட்ஸ்’ என்ற ஆங்கில வழக்கு, துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. வன்னி யானைகள் இத்துறை வழியே கப்பலேறின.

ஐரோப்பியர் காலம்: 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. நெடுந்தீவை அவர்கள் ‘பசுத்தீவு’ என்ற பொருளில் அழைத்தனர். 1658இல் வந்த ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். வேலணை லைடன் ஆனது, காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. அவற்றுள் ஆங்கிலத்தில் இன்றும் பரவலாக வழங்குவது நெடுந்தீவின் ‘டெல்ஃப்ட்’ மட்டுமே. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுக்கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையைக் கட்டியவர் போர்த்துக்கேயர். இன்றைய பெயர் ஒல்லாந்தர் இட்டது.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை என்றும், ஒல்லாந்தர் வளர்த்தவை என்றும் இரு கூற்றுகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற ஆங்கில அதிகாரி இங்கே குதிரை வளர்த்தார்; லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.   பின்னாளில் குதிரைகள் காட்டுக்குப் போயின. வறட்சி ஆண்டுகளில் நீரின்றி மடிகின்றன.

அண்மைக் காலம்: முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயகம் அடிகள் (பிறப்பு 1913) ஊர்காவற்றுறைப் பகுதியினர். 1974 ஒப்பந்தப்படி கச்சதீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரைக் குற்றம் சாட்டினர். 1990களின் தொடக்கத்தில் மக்கள் பெருமளவு இடம்பெயர்ந்தனர். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நிதியில் சூரிய, காற்று மின்திட்டம் அமைக்க 2024இல் ஒப்பந்தமானது.

பயணம்: யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியே வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பேருந்து செல்லும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் சுமார் 20 நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரைநகர்–ஊர்காவற்றுறைக் கடலைக் கடக்கும் மிதவையை ஊரார் ‘பாதை’ என்பர். நயினாதீவுத் திருவிழா ஆனி மாதத்தில் வரும். கச்சதீவு அந்தோணியார் திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச்சில். நெடுந்தீவுக்குக் காலைப் படகில் போய் அன்றே திரும்ப நினைப்பவர், கரை இறங்கியதும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.