போருக்கு நடுவில் காமெடி எதுக்கு? அந்தக் கால ரேடியோ சிரிப்பு இன்னும் மறக்காதது ஏன்? முழு விளக்கம்

எங்காவது போர் என்று செய்தி வந்தால், அடுத்த பத்து நிமிஷத்தில் மீம்ஸும் வந்துவிடுகிறது. "மனுஷங்க சாகும்போது சிரிப்பா?" என்று கோபப்படுபவர்களும் உண்டு. ஆனால் இது செல்போன் காலத்துப் பழக்கம் இல்லை. 80 வருஷத்துக்கு முன்பே ரேடியோ இதைச் செய்திருக்கிறது. எப்படி? அது ஏன் இன்னும் பேசப்படுகிறது? பார்க்கலாம்.

டெல்டாவுக்கு ரேடியோ வந்த வருஷம்

திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16. திருச்சி - தஞ்சாவூர் ரயில் பாதையில் உள்ள பூதலூர் மாதிரி ஊர்களுக்கு அதுதான் பக்கத்து நிலையம். நான்கு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 1-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அதாவது, நம்ம பக்கத்து ரேடியோவும் போரும் ஒரே வருஷத்தில் வந்தவை.

அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். பெட்டி இருந்த வீடுகளும் குறைவு. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. அடுத்து சென்னைதான் என்ற பயத்தில் ஏராளமானோர் ஊரைக் காலி செய்து உள்மாவட்டங்களுக்கு ஓடினார்கள். சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி தமிழிலும் பேசியது. செய்தி, வதந்தி, பயம் எல்லாமே காது வழியாக வந்த காலம் அது.

லண்டனில் என்ன நடந்தது?

போர்க்கால ரேடியோ காமெடி என்றதும் உலகம் முதலில் சொல்வது பிபிசியின் 'இட்மா' நிகழ்ச்சியை. டாமி ஹேண்ட்லி என்ற நகைச்சுவை நடிகர்தான் ஹீரோ. 1939 ஜூலையில் தொடங்கி, 1949 ஜனவரியில் அவர் இறக்கும் வரை ஓடியது. அவர் போனதும் நிகழ்ச்சியும் நின்றது.

இதில் ஹிட்லரை நேரடியாகத் திட்டுவது குறைவு. கிண்டல் பெரும்பாலும் சொந்த அரசாங்கத்தின் மேல்தான். புதுப்புது அமைச்சகம், புதுப்புது படிவம், புதுப்புது தடை என்று மக்களைப் படுத்திய அதிகாரிகளை வைத்துச் செய்தார்கள். ஃபுன்ஃப் என்று ஒரு ஜெர்மன் உளவாளி பாத்திரமும் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளருக்குள் பேசி அந்தக் குரலைக் கொண்டுவந்தார் நடிகர். எதிரி என்றாலே நடுங்கியவர்கள், வீட்டு போனில் அந்தக் குரலில் பேசி விளையாட ஆரம்பித்தார்கள்.

உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவர்கள்

ஜெர்மனியில் நிலைமை வேறு. வெளிநாட்டு ரேடியோ கேட்பதே 1939 செப்டம்பரிலிருந்து குற்றம். ஜெயில் மட்டுமில்லை, சில வழக்குகளில் மரண தண்டனைகூட உண்டு. அப்படியும் பிபிசியின் ஜெர்மன் சேவையை ரகசியமாகக் கேட்டார்கள். அதில் செய்தியோடு காமெடியும் வந்தது. ஹிர்ன்ஷால் என்ற அப்பாவிச் சிப்பாய் மனைவிக்கு எழுதும் கடிதங்கள் ஒரு தொடர். அவன் ஹிட்லரைப் புகழப் புகழ, கேட்பவருக்கு அந்தப் பேச்சில் உள்ள பொய்தான் தெரியும்.

இலங்கையின் கதை

நமக்கு நெருக்கமான உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் 'ரேடியோ சியாக்' என்ற நிலையம் அமைத்தார்கள். போர் முடிந்த பிறகு அது இலங்கை அரசிடம் வந்து ரேடியோ சிலோனோடு சேர்ந்தது. பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரை பாட்டுக்காகத் தேடித் தேடிக் கேட்ட இலங்கை வானொலி அதுதான்.

1970-களில் அங்கே பிரபலமான நிகழ்ச்சி 'கோமாளிகளின் கும்மாளம்'. எழுதியவர் எஸ். ராமதாஸ். யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்கள் பேசும் தமிழ், சிங்களவர் உடைத்துப் பேசும் தமிழ் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பேச்சு. அந்தப் பேச்சுகள் மோதிக்கொள்வதுதான் சிரிப்பே. வரவேற்பைப் பார்த்து 1976-ல் 'கோமாளிகள்' என்று படமாகவும் எடுத்தார்கள்.

இது போர்க்கால நிகழ்ச்சி இல்லை, போருக்கு முந்தைய சிரிப்பு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, எல்லாப் பேச்சும் ஒரே மேடையில் சிரித்த அந்த நாடு திரும்பவில்லை. போர் 2009 மே வரை நீண்டது. 1990-களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், பேட்டரியும் கிடைக்காமல், சைக்கிள் பெடலை மிதித்து டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அப்படியானால் நிலைப்பது எது?

ஜோக் இல்லை. ரேஷன், படிவம் பற்றிய 'இட்மா' ஜோக்குகள் இன்று பிரிட்டிஷ்காரர்களுக்கே பாதி புரியாது. நினைவில் நிற்பது மூன்று விஷயம்.

1. தெரிந்த குரல்: நாளைக்கு வீடு இருக்குமா என்று தெரியாது. ஆனால் வியாழக்கிழமையானால் அதே குரல் வரும் என்ற நிச்சயம் இருந்தது.

2. கூடிக் கேட்டது: பதுங்கு குழியிலும் திண்ணையிலும் சேர்ந்து சிரித்தவர்களுக்குத் தனியாக இல்லை என்ற தெம்பு கிடைத்தது.

3. பயம் சுருங்கியது: பெரிய ஆளைக் கிண்டல் செய்யும்போது, அவர் மேல் உள்ள பயம் கொஞ்சம் குறைகிறது.

மீம்ஸுக்கும் இதே அளவுகோல்தானா?

ஆமாம். காலம் தாண்டி நின்ற போர்க்கால காமெடி, அதிகாரத்தில் இருந்தவரையும் தன்னையும்தான் கிண்டல் செய்தது. குண்டுக்குப் பயந்து ஓடியவரை இல்லை. அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு போர் மீம் வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒன்றே ஒன்று பாருங்கள். இது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? குண்டு விழும் ஊரில் இருக்கும் ஒருவர் இதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வருமா?